அக்கம்மாள் வைத்த சாம்பார்

ஓடைக்காட்டுப்பட்டி நடுநிலைப் பள்ளியில் சத்துணவு முட்டை வந்து இறங்கியதும் அக்கம்மாள் செய்கிற முதல் வேலை, ஒவ்வொன்றாக வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது. மிதந்தால் தூக்கி வெளியே. முழுகிய முட்டையையும் லேசில் விட மாட்டாள். காதோரம் வைத்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூடையில் வைப்பாள். அரிசி மூட்டை வந்தால் வாய்த்தையலை விரலால் தடவுவாள், நடுவழியில் யாராவது பிரித்துத் தைத்திருக்கிறார்களா என்று. கேஸ் சிலிண்டருக்கும் தனியாக ஒரு விசாரணை உண்டு. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பள்ளியில் அவள்தான் சமையலர். "அக்கம்மாகிட்ட சாமியே நேர்ல வந்து வரம் குடுத்தாலும், மொதல்ல ஆதார் கார்டக் காட்டுன்னு கேக்கும்" என்று ஊரில் சொல்வார்கள். அது அவள் காதுக்கும் வந்திருக்கிறது. கேட்டால் என்ன தப்பு என்பதுதான் அவள் கட்சி.

பிறக்கும்போதே யாரும் சந்தேகத்தோடு பிறப்பதில்லை. அவளுக்கு அது கல்யாணத்தோடு வந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால், மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அவள் அப்பாவைக் கம்பம் ரோட்டோரம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார்கள். பந்தல் நிறையக் கொத்துக் கொத்தாகப் பன்னீர்த் திராட்சை. நடுவில் கையில் கத்தரியோடு மாப்பிள்ளை அய்யாத்துரை. "ரெண்டு ஏக்கர் திராட்சை, பாத்துக்கங்க" என்றார் தரகர். அப்பா பார்த்துக்கொண்டார். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று புதுப்பெண் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தோட்டம் முதலாளியுடையது. அய்யாத்துரை அங்கே கொடியைக் கழித்துக் கவாத்து வெட்டப் போகிற கூலி ஆள்.

"என் தோட்டம்னு நான் எங்க சொன்னேன்? நான் சும்மா நின்னேன்" என்றார் அய்யாத்துரை.

அதுவும் உண்மைதான். அக்கம்மாள் அழவில்லை, அப்பன் வீட்டுக்குக் கிளம்பவும் இல்லை. மனுஷன் நல்ல மனுஷன். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஆனால் கண்ணெதிரே எதையாவது காட்டினால், காட்டுகிறவன் எதை மறைக்கிறான் என்று தேடுகிற புத்தி அன்றைக்கு அவளுக்குள் வந்து உட்கார்ந்தது. பிறகு அது எழுந்திருக்கவே இல்லை.

இப்படிப்பட்டவளை ஒரு கம்பெனி ஏமாற்றியது. அதுவும் அவளுடைய சந்தேகத்தையே கயிறாகத் திரித்து அவள் கையைக் கட்டியது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

கம்பெனி ஊருக்கு மேற்கே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தேங்காய் மட்டையில் நாரை உரித்த பிறகு மிஞ்சுகிற தூளைக் கழுவிக் காயவைத்து, செங்கல் மாதிரி கட்டி கட்டியாக அடித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கேயெல்லாம் மண்ணுக்குப் பதிலாக அதில்தான் தக்காளி வளர்க்கிறார்களாம். தூளில் இருக்கிற உப்புப் போகிறவரை கழுவ வேண்டும். கழுவக் கழுவத் தண்ணீர் வேண்டும். கழுவின தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் ஓடையில் இறங்கும். போர்டில் பச்சை எழுத்தில் 'மலைச்சாரல் ஃபைபர்ஸ்' என்றிருந்தாலும் ஊருக்கு அது நார்க்கம்பெனி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பள்ளி திறந்த ஜூன் மாதத்தில், அந்தக் கம்பெனியின் சமூகப் பொறுப்பு அதிகாரி வைகுண்டராஜ் பள்ளிக்கு வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் லேப்டாப், எல்லோரையும் எழுந்து நின்று கும்பிடுகிற பழக்கம். பிள்ளைகள் குடிக்கச் சுத்திகரிப்பு நிலையம், ஊருக்கு ஆயிரம் மரக்கன்று என்று படம் படமாகக் காட்டினார். தலைமை ஆசிரியர் ஸ்டான்லிக்குக் கண் கலங்கிவிட்டது. போடியிலிருந்து தினமும் பைக்கில் வந்துபோகிற மனிதர். குடிதண்ணீருக்காக நாலு வருஷமாக மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்.

பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. மகளிர் குழுவின் சார்பில் அக்கம்மாளும் அதில் உறுப்பினர். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"ஆதாயம் இல்லாம ஆத்தக் கட்டி எறைப்பாகளா? உங்களுக்கு இதுல என்ன வருது, அதச் சொல்லுங்க."

"அம்மா, லாபத்துல ஒரு பங்கு சமுதாயத்துக்குப் போகணும்னு சட்டமே இருக்கு. சட்டம் இல்லாட்டியும் எங்க எம்.டி.க்கு மனசு இருக்கு" என்றார் வைகுண்டராஜ்.

"மனசு இருக்கட்டும். தண்ணி எங்கன எடுப்பீக?"

அவள் சந்தேகமெல்லாம் ஊர்க்கிணற்றின் மேல். பள்ளிக்குப் பின்னால் இருக்கிற கல்கட்டுக் கிணறு. ஊராட்சி மோட்டார் வைத்து ஊருக்கெல்லாம் குழாயில் விடுவது அந்தத் தண்ணீரைத்தான். அறுபது அடி ஆழம், எந்தக் கோடையிலும் வற்றியதில்லை. அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பைப் போட்டால் முக்கால் மணி நேரத்தில் கரண்டி பட்டாலே மசியும். பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்று சொல்லி அந்தக் கிணற்றில் கம்பெனி கை வைக்கப் போகிறது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

"எங்க கெணத்துல ஒரு சொட்டு தொடக்கூடாது. வேணும்னா நீங்களே தனியா போர் போட்டு எடுத்துக்கங்க. மரத்துக்கும் அதுலருந்தே ஊத்திக்கங்க. அப்பிடின்னாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

வைகுண்டராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கஷ்டந்தான்மா. சரி, உங்களுக்காக மேலிடத்துல பேசிப் பாக்கிறேன்" என்று வாடின முகத்தோடு போனார். ஒரு வாரம் கழித்து, அரைமனதாகச் சம்மதித்துவிட்டதாகத் திரும்பி வந்தார். ஸ்டான்லி தீர்மானத்தை எழுதினார். அக்கம்மாள் வரிக்கு வரி படிக்கச் சொல்லிக் கேட்டு, முதல் கையெழுத்தைத் தானே போட்டாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் நடையே வேறு. "ஒன்ன ஏமாத்த இனிமேத்தான் ஒருத்தன் பொறக்கணும்" என்றார் அய்யாத்துரை.

அடுத்த மாதமே அய்யாத்துரைக்குக் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. தோள்பட்டை போய்விட்டதால் பந்தலுக்குக் கீழே கையைத் தூக்கி நின்று கவாத்து வெட்ட அவரால் முடியாமல் ஒரு வருஷமாக வீட்டில் இருந்தார். நமக்கெதற்கு இவ்வளவு தயவு என்று அக்கம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆனால் வீட்டு உலை கொதிக்கிற விஷயத்தில் சந்தேகம் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளும். மூடிக்கொண்டது.

சமையல்கூடத்துக்குப் பின்சுவரை ஒட்டி, தொள்ளாயிரம் அடிக்குப் போர் இறங்கியது. அதற்குப் பக்கத்தில் நீலத் தகரக் கொட்டகை, உள்ளே சுத்திகரிப்பு மிஷின். குழாய் விரல் தண்டி, அதற்கு மேலே கம்பெனி பெயர் கதவுத் தண்டி. பிள்ளைகள் குடித்தது போக, சாயங்காலம் வீட்டுக்கு ஒரு குடம் ஊருக்கும் உண்டு. அக்கம்மாள் அந்தத் தண்ணீரையும் விடவில்லை. கண்ணாடி டம்ளரில் ஊற்றி இரண்டு நாள் வைத்துப் பார்த்தாள், வண்டல் இல்லை. ஒரு கை பருப்பைப் போட்டு வேகவைத்தாள், பூவாக மலர்ந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதே அவளுக்கு ஒரு குறையாக இருந்தது. சமையலுக்கு மட்டும் பழையபடி ஊர்க்குழாய்த் தண்ணீர்தான்.

போர் போட்டபோதே சமையல்கூடத்துக்கு ஒரு புதுச் சத்தமும் வந்து சேர்ந்தது. மோட்டார் ஓடினால் சுவர் அதிரும். சுவர் அதிர்ந்தால் அலமாரியில் அடுக்கியிருக்கிற எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிர்ரென்று பாடும். மொட்டைமாடித் தொட்டி நிறைய இருபது நிமிஷம். நிறைந்தால் வழிகிற தண்ணீர் பின்னால் முருங்கை மரத்தடியில் விழும். அவளும் உதவியாளர் முத்துலட்சுமியும் அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போனார்கள்.

அடுத்த தை மாதம் பருப்பு வேகவில்லை.

முதல் நாள் அடுப்பைச் சந்தேகப்பட்டாள். இரண்டாம் நாள் பருப்பை. பழைய சரக்கை அனுப்பிவிட்டார்கள் என்று ஸ்டான்லியிடம் சண்டை பிடித்து, ஒன்றியத்துக்குப் புகார் எழுத வைத்து, புது மூட்டையும் வந்தது. அதுவும் வேகவில்லை. ஒன்றரை மணி நேரம் கொதித்த பிறகும் பருப்பு அண்டாவின் அடியில் மணி மணியாகக் கிடந்தது. சோடா உப்பு ஒரு சிட்டிகை போட்டால் கரைந்துவிடும். பிள்ளைகள் வயிற்றுக்கு ஆகாது என்று இருபத்திரண்டு வருஷமாக அதை அவள் கையால் தொட்டதில்லை.

பருப்பு வேகாத சமையல்காரியை ஊர் என்ன சொல்லும்? அந்தப் பயத்தில் அக்கம்மாள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றை மறைத்தாள். எல்லோருக்கும் முன்னால் காலையில் வந்து, நீலக் கொட்டகைக் குழாயில் நாலு குடம் பிடித்து அண்டாவில் ஊற்றி வைத்தாள். முத்துலட்சுமி கேட்டதற்கு, ஊர்க்குழாயில் தண்ணீர் வேகமாக வரவில்லை என்று சொன்னாள். பருப்பு பழையபடி மசிந்தது. வீட்டிலும் அதே கதைதான். பிடித்து வந்த ஒரு குடத்தில் பாதி பருப்புக்குப் போனது. அய்யாத்துரை சாப்பிட்டார், எழுந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

மே மாதம் விடுமுறை. மிச்சமிருந்த பருப்பில் வண்டு விழுந்திருக்குமோ என்று பார்க்க ஒரு நாள் காலை பத்து மணிக்குச் சமையல்கூடத்தைத் திறந்தாள். பள்ளியில் ஒரு குருவி கிடையாது. ஆனால் அலமாரியில் தட்டுகள் பாடிக்கொண்டிருந்தன.

சரி, யாரோ தொட்டி நிறைக்கிறார்கள் என்று நினைத்து, பருப்பைச் சுளகில் கொட்டிப் புடைத்தாள். பதினோரு மணி ஆனது. தட்டுகள் நிற்கவில்லை. பன்னிரண்டு ஆனது. பின்னால் போய்ப் பார்த்தாள். முருங்கையடி காய்ந்து வெடித்திருந்தது. குழாயைத் திறந்தாள்; காற்றுத்தான் வந்தது. தொட்டிக்கு ஒரு சொட்டு ஏறவில்லை. அப்படியென்றால் இரண்டு மணி நேரமாக அந்த மோட்டார் யார் தாகத்துக்கு இறைக்கிறது?

அவள் போர் இருந்த இடத்தைச் சுற்றி வந்தாள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பூட்டு. வேலியோரம் தரை பொரிந்து கிடந்தது, ஒரு முழ அகலத்துக்கு மட்டும் பச்சை. அருகம்புல். பத்தடிக்கு ஒரு கொத்து, மறுபடி பத்தடி, மறுபடி ஒரு கொத்து. பூமிக்குள் பதித்த குழாயின் ஜாயின்ட் ஒவ்வொன்றும் கசிந்து தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. அக்கம்மாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புல்லைப் பிடித்தபடியே நடந்தாள். வேலிக்கு அப்பால், ஓடைக்குள் இறங்கி, மறுகரை ஏறி, கம்பெனியின் பின்சுவர் வரைக்கும் புல் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

திரும்பும்போது ஊர்க்கிணற்றை எட்டிப் பார்த்தாள். பத்தாவது படியில் கால் நனைகிற கிணறு அது. தண்ணீர் எங்கோ அடியில், மோட்டார்க் குழாயின் வாய்க்கு ஒரு சாண் மேலே, குடத்தில் பிடித்தால் தெரியாத டிக்காஷன் நிறத்தில் கிடந்தது. போர் அடியிலிருந்து உறிஞ்ச உறிஞ்சக் கிணறு இறங்கியிருக்கிறது. காலியான இடத்துக்கு, தூள் கழுவின உப்போடு ஓடைத் தண்ணீர் ஊறி வந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள அவளுக்கு எந்தப் படிப்பும் தேவைப்படவில்லை. இத்தனை மாதம் புரியாமல் போனதுதான் அவளைக் கொன்றது. சோற்றுப் பானையைத் தட்டித் தட்டிப் பார்த்தவள், தண்ணீர்ப் பானையைப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அய்யாத்துரை முன்னால் வெறும் தட்டை வைத்தாள்.

"பள்ளிக்கூடத்துப் போர்லருந்து கம்பெனிக்குத் தண்ணி போகுது. ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துத் தட்டில் வைத்தார். "ஸ்டார்ட்டர் பெட்டிச் சாவி. பள்ளிக்கூடம் நடந்தா ராத்திரில, லீவு விட்டா பகல்ல. போடுறதும் நாந்தான், அமத்துறதும் நாந்தான்."

ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டாயிற்று. தன் தட்டில் சாப்பிடுகிறவரை விட்டுவிட்டாள்.

"கம்பெனிக்குள்ள புது போர் போடக்கூடாதுன்னு கவர்மெண்டுல மறுத்துட்டாக" என்றார் அய்யாத்துரை மெதுவாக. "ஊர்க்கெணறு அவுகளுக்கு எதுக்கு? அறுபதடித் தண்ணி அரை நாளைக்குக் காணாது. பள்ளிக்கூடத்துக்குன்னா உடனே அனுமதி. எப்பிடிக் கேக்குறதுன்னு அவுக முழிச்சுக்கிட்டு இருக்கையில, நீயே எந்திரிச்சு போர் போடுங்கன்னு சொல்லிப்புட்ட."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ விட மாட்ட. வேலை போயிரும்." அவர் தட்டை ஓரமாக நகர்த்தினார். "நான் சும்மா நின்னேன்."

முப்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே சொல். அக்கம்மாளுக்கு வந்த கோபத்தில் தட்டு முற்றத்தில் போய் விழுந்தது, சாவியோடு சேர்ந்து. அப்புறம் அவளே போய்ச் சாவியைப் பொறுக்கி வந்து அவர் கையில் கொடுத்தாள். வேறு என்ன செய்ய? அந்த வேலையில்தான் வீட்டில் அடுப்பெரிகிறது.

இரண்டு நாள் கழித்து வைகுண்டராஜ் பள்ளிக்கு வந்தார். விடுமுறை முடியுமுன்பே, ஜூன் ஐந்தாம் தேதி சுற்றுச்சூழல் தின விழாவைக் கம்பெனியும் பள்ளியும் சேர்ந்து நடத்துகிறார்கள், மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். அக்கம்மாள் அவரை வேலிக்குக் கூட்டிப் போய்ப் புல்லைக் காட்டினாள். அவர் அசரவில்லை. பையிலிருந்து தீர்மானத்தின் நகலை எடுத்து, விரல் வைத்துக் காட்டினார்.

"நீங்க சொன்னதுதானம்மா. ஊர்க்கிணத்தைத் தொடக்கூடாது, நாங்க தொடல. மரக்கன்றுகளுக்கும் போர்லருந்தே ஊத்தணும், ஊத்துறோம். ஆயிரம் கன்னும் கம்பெனி வளாகத்துலதான் நட்டிருக்கோம். ஊருக்குள்ள நட்டா ஆடு கடிச்சிடும்ல? கீழ பாருங்க, முதல் கையெழுத்து உங்களுது."

"கன்னு குடிக்கிற தண்ணியா இது?"

"கன்னு குடிச்சது போக மிச்சம் வீணாகக் கூடாதில்லையா?" அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. நல்ல பிள்ளையின் சிரிப்பு. "இன்னொரு விஷயம். ஊர்க்கிணத்தைக் காப்பாத்தினதுக்காக விழாவுல உங்களுக்குத்தான் நீர்க்காவலர் விருது. விருந்துச் சமையலும் உங்க கையால இருக்கணும்னு எம்.டி. ஆசைப்படுறார். உங்க சாம்பார் அவ்வளவு பிரசித்தமாமே."

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் பிள்ளையாருக்கே பொன்னாடை போர்த்திவிட்டு அவர் தோப்பையும் எடுத்துக்கொள்கிற ஆட்கள். அக்கம்மாள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கையெழுத்து, கோணல் மாணலாக, ஆனால் சந்தேகமே இல்லாமல் அவளுடையது.

ஸ்டான்லியிடம் போனாள். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "என்னையும் சேத்துத்தான்க்கா ஏமாத்திருக்காங்க. ஆனா எழுத்துல எல்லாம் சரியா இருக்கே. கிணறு கெட்டதுக்கு ஆதாரம் என்னன்னு கேப்பாங்க. ஊர்ல ஒருத்தர்கூடப் புகார் சொல்லலையே?"

அதுதான் அவளுக்கும் விளங்கவில்லை. கிணறு கெட்டிருந்தால் இருநூறு வீட்டில் பருப்பு வேகாமல் இருக்க வேண்டும். ஒருத்தியும் மூச்சு விடவில்லையே ஏன்? முத்துலட்சுமியிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். "எங்க வீட்டுலயா? நல்லா வேகுதேக்கா" என்றாள் முத்துலட்சுமி. சொன்ன வேகமும் முகத்தைத் திருப்பிக்கொண்ட விதமும் அக்கம்மாளுக்குப் போதுமானதாக இருந்தது. தான் மறைத்த மாதிரியே இவளும் மறைக்கிறாள். அப்படியென்றால் எத்தனை பேர்?

அன்று சாயங்காலம் பெட்டிக்கடையில் போய்க் கேட்டாள், சோடா உப்பு இருக்கிறதா என்று. "எங்க இருக்கு ஆத்தா, வந்து எறக்குன அன்னிக்கே தீந்துருது. என்னமோ இந்த வருசம் எல்லாருக்கும் பஜ்ஜி திங்கிற ஆசை வந்துருச்சு" என்றார் கடைக்காரர்.

விழாவுக்கு முதல் நாள் அய்யாத்துரையிடம் சொன்னாள். "நாளைக்கு ஒங்க வேலை போகும். என் வேலையும் போனாலும் போகும். முன்னக்கூட்டியே சொல்லிட்டேன்." "எந்தத் தண்ணில சமைக்கப் போற?" என்று அவர் கேட்டதற்கு, "ஊர்க்குழாய்த் தண்ணில" என்றாள்.

காலையில் அவள் சமையல்கூடத்தில் அடுப்பைப் பற்றவைத்தபோது, பின்வாசலில் வாட்ச்மேன் சட்டையோடு அய்யாத்துரை நின்றார். வலிக்காத தோளில் ஒரு குடம். ஊர்க்கிணற்றுத் தண்ணீர்.

"குழாய்ல வந்தா பைப்புக் கோளாறும்பாக" என்றார். "நேரா கெணத்துலயே எறைச்சுட்டு வந்துட்டேன்." அண்டாவில் ஊற்றிவிட்டு, மறு குடத்துக்குத் திரும்பியவர் வாசலில் நின்றார். "அன்னிக்குக் காட்டுன தோட்டம் நம்மளது இல்ல. இந்தக் கெணறாவது நம்மளதா இருக்கட்டும்."

அக்கம்மாள் அடுப்பைக் கொஞ்சம் தணித்தாள். "போங்க, போயி அடுத்த குடத்தக் கொண்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பத்துக் கிலோ பருப்பு. மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டாள். புளி, காய், பொடி, தாளிப்பு எல்லாம் இம்மி குறையாமல் அவள் கைப்பக்குவம். பருப்பு மட்டும் மணி மணியாக மிதந்தது. அதைக் கிளறும்போது அவளுக்கு அழுகை வந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒன்றை எந்தப் பிள்ளைக்கும் அவள் பரிமாறியதில்லை. பிள்ளைகளுக்குத் தனியாகத் தயிர்ச்சோறு கிளறி வைத்தாள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

விழா நடந்தது. அதிகாரி அம்மா வந்தார், கன்று நட்டார். எம்.டி. பூமித்தாயைப் பற்றிப் பேசினார். கூட்டம் சேர்க்க மகளிர் குழுப் பெண்கள் அத்தனை பேரையும் கம்பெனிச் செலவில் பச்சைச் சேலை கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். அக்கம்மாள் விருது வாங்க மேடைக்கு வரவில்லை. சாம்பார் அடிப்பிடிக்கும் என்று சொல்லியனுப்பிவிட்டாள். பிறகு பந்தி. அதிகாரியும் எம்.டி.யும் பெண்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள், போட்டோவுக்காக. அக்கம்மாளே வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறினாள்.

முதல் வாய்க்குச் சத்தமில்லை. இரண்டாவது வாயில் அதிகாரி அம்மா மெல்லுவதை நிறுத்தினார். எம்.டி. தண்ணீரை எடுத்துக் குடித்தார். பெண்கள் வரிசையில் கைகள் ஒவ்வொன்றாக நின்றன. முத்துலட்சுமி ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை. வாயைத் திறந்தபடி அக்கம்மாளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, ஒங்க பருப்புமா வேகல?"

"வேகல" என்றாள் அக்கம்மாள், பந்தி முழுவதும் கேட்கிற மாதிரி. "ஊர்க்கெணத்துத் தண்ணில வச்சேன். தை மாசத்துலருந்து வேகல. அவமானத்துக்குப் பயந்து சொல்லாம இருந்தேன்."

முத்துலட்சுமிக்கு அழுகை உடைத்துக்கொண்டது. "அய்யோ, நான் எங்க மருமகளயில்ல வஞ்சுக்கிட்டு இருந்தேன்! கையி சரியில்லன்னு அவுக அப்பன் வீட்டுக்கே அனுப்பிட்டேனே!"

"நான் ரெண்டு குக்கர் மாத்திட்டேன்" என்றாள் ஒருத்தி. "நான் ரேஷன் கடைக்காரர நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டேன்" என்றாள் இன்னொருத்தி. சோடா உப்பு போட்டேன், அரைத்து ஊற்றினேன், பருப்பே வைப்பதில்லை என்று வரிசை முழுக்கக் குரல் கிளம்பியது. ஆறு மாதமாக ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படிக்குள் ஒளித்து வைத்திருந்த ரகசியம், ஒரே ரகசியமாக இருந்தது. அக்கம்மாள் சமைத்தே வேகவில்லை என்றால் பிறகு யார் கையில் குற்றம்?

வைகுண்டராஜ் எழுந்து வந்தார். "மேடம், கிணத்துத் தண்ணியில கொஞ்சம் கடினத்தன்மை இருக்கும் போல. கம்பெனி சார்பா ஊருக்கு இன்னொரு சுத்திகரிப்பு நிலையம் அறிவிச்சிடலாம். இப்பவே."

"எதுலருந்து எடுத்து? இன்னொரு போர்லருந்தா?" என்றாள் அக்கம்மாள். அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்க வந்த கார்ல வேண்டாம். எங்கூட இருநூறு அடி நடந்து வாங்க. புல்லு எங்கன போகுதுன்னு பாருங்க. அப்புறம் கெணத்தப் பாருங்க. நான் சொல்றதயும் நம்ப வேண்டாம்."

அதிகாரி அம்மா கையைக் கழுவிவிட்டு நடந்தார். பச்சைச் சேலைப் பெண்கள் அத்தனை பேரும் பின்னால் போனார்கள். புல்லைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார், கிணற்றுப் படியில் நின்று வெகுநேரம் கீழே பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்க ஆள் அனுப்புவதாகவும், அறிக்கை வரும்வரை அந்தக் குழாய் இணைப்பை நிறுத்தி வைப்பதாகவும் தன் உதவியாளரை எழுதச் சொன்னார். உதவியாளர் எழுதி முடித்துத் தாளை அக்கம்மாள் பக்கம் தள்ளினார்.

"புகார் கொடுத்தவங்க இங்க ஒரு கையெழுத்து."

அக்கம்மாள் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல அம்மா போடட்டும். நான் போட்டதெல்லாம் போதும்."

அதிகாரி அவளைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். அந்த அமைதியில்தான் எல்லோருக்கும் அது கேட்டது. சமையல்கூடத்துக்குள் தட்டுகள் கிர்ரென்று பாடிக்கொண்டிருந்தன. இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

"இன்னும் ஓடுதும்மா" என்றாள் அக்கம்மாள்.

"சாவி யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார் அதிகாரி. வைகுண்டராஜ் எங்கோ பார்த்தார். எம்.டி. செல்போனைப் பார்த்தார். கூட்டத்துக்குப் பின்னால் இவ்வளவு நேரம் சும்மா நின்றுகொண்டிருந்த அய்யாத்துரை, சட்டைப் பையைத் தடவியபடி முன்னால் வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பின்பக்கம் போய்ப் பூட்டைத் திறந்தார்.

தட்டுகள் அடங்கின.